கோட்டுக்கு உள்ளே திரும்பிய சிவப்பு

மச்சம் வெளியே வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அது சிவப்புக்குள் மூழ்கிக் கிடந்தது. இன்று காலையில் சிவப்புக்கு வெளியே, என் சொந்தத் தோலின் நிறத்தில், எள்ளுப் போல உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். நாலாவது முறை பார்க்கக் கூடாது என்று முந்தானையை இழுத்துக் கையை மூடி வைத்திருக்கிறேன், பார்க்கப் பார்க்க மனசு இல்லாததை எல்லாம் காட்டும். ஆனால் வந்துவிட்டது, வந்தேவிட்டது. வலது பெருவிரலில் ஆரம்பித்து மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைப் பார்த்து நாலு விரற்கடை ஏறி நின்ற சிவப்பு அது. நேற்று ஆறு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார், சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார், சிவப்பு முடிகிற இடம் பார்த்து என் கையைச் சுற்றிக் கோடு போட்டார். வயலுக்கு வரப்புப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துப் போட்டார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வருவேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தா தியேட்டருக்கு எடுத்துருவோம்மா. கீறித் தொறந்து விடணும். பெருவிரல் தங்குமாங்கிறது தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். தங்குமா என்று கேட்டார் பாருங்கள், வாடகைக்கு இருக்கிற ஆளைக் கேட்கிற மாதிரி. ஐம்பத்திரண்டு வருஷமாக என் கையோடு இருக்கிற விரல். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்று நேற்றிலிருந்து வயிற்றுக்குப் பச்சைத் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் குழாய் வழியாக மருந்து மட்டும் இடது கையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. அது ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று சிஸ்டர் சொன்னாள், அப்படியென்றால் ஒன்பது ஐந்து, அப்படியென்றால் இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம், அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்துக்குள் சிவப்பு மனசு மாறி மறுபடி மச்சத்தை விழுங்கிவிட்டால்?

விழுங்காது. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது, நேற்று பார்த்தது ட்யூப் லைட் வெளிச்சத்தில், இன்று ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது. ட்யூப் லைட்டில் எல்லாமே கொஞ்சம் ஊதாவாகத் தெரியும், வெயிலில் சிவப்புக் குறைந்து தெரியலாம், சேலைக் கடையில் உள்ளே ஒரு நிறம், வாசலில் கொண்டுவந்து பார்த்தால் வேறு நிறம் என்று எத்தனை சேலையை மாற்றியிருப்பேன். அப்போ மச்சம் வெளியே வரவில்லையா, வெளிச்சம்தான் மாறிவிட்டதா? யாரையாவது கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் தொம்மை கட்டில் காலடியில் ஸ்டூலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. "இங்கேருங்க, இந்த மச்சம் நேத்து சிவப்புக்குள்ளதான கெடந்துச்சு?" என்று கேட்டேன். "எந்த மச்சம்?" "இதுதான், கண்ணைத் தொறந்து பாருங்க." அவர் பேப்பரை மடித்து வைத்துக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஒனக்குக் கையில மச்சம் இருக்கா?" என்றார். இருபத்தாறு வருஷம் இந்தக் கையால் ஆக்கிப் போட்டதைத் தின்றிருக்கிறார். எஞ்சினில் ஒரு நட்டு அரைச் சுற்று தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், பெண்டாட்டி கையில் மச்சம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. பக்கத்துக் கட்டில் வடிவக்கா சிரித்துவிட்டாள். ஆத்தூர்க்காரி, சர்க்கரைப் புண்ணுக்காகக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நாளாகப் படுத்திருக்கிறாள். "ஏட்டி தூத்துக்குடிக்காரி, அந்தக் கை என்ன டிவிப் பொட்டியா, வச்ச கண்ணு வாங்காமப் பாக்க? மூடிட்டுப் படுட்டி" என்றாள். மூடினேன். மூடிய துணிக்குள்ளே கை நமைத்தது.

நமைத்தது! இரண்டு நாளாகக் கொதித்தது, தெறித்தது, சுத்தியலால் அடித்தது, ஆனால் நமைச்சல் இல்லை. இப்போது மெதுவாக, எறும்பு ஊர்வதுபோல, மணிக்கட்டுப் பக்கம் நமைக்கிறது. என் ஆயுசில் நமைச்சலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை. நமைச்சல்தான் எனக்கு முதல் எதிரி. கத்தரிக்காய் தின்றால் நமைக்கும், கருவாடு தின்றால் நமைக்கும், கம்பளி பட்டால், வெயில் ஏறினால், வேர்வை காய்ந்தால், யாராவது சத்தம் போட்டுப் பேசினால்கூட உடம்பெல்லாம் அதிரசம் அதிரசமாகத் தடித்துவிடும். ஊரில் காணாக்கடி என்பார்கள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் முகமெல்லாம் தடித்து ஒரு கண் மூடிப் போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் தூர நின்றுகொண்டு, "அமலோற்பவம், இது மத்த பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும், ஆறின பிறகு வா" என்றார். சாயங்காலம் ஆறிவிட்டது. மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போனேன், போகிற வழியிலேயே பயத்தில் தடித்துவிட்டது, திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். நாலாம் நாள் அம்மா, "சரி விடு, வீட்டுல வேலை கெடக்கு" என்றாள். அவ்வளவுதான் என் படிப்பு. மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பன் நிறுத்துவான், கல்யாணம் நிறுத்தும். என்னை என் தோல் நிறுத்தியது. அந்தத் தோலை நான் மன்னித்ததே இல்லை. குளிக்கும்போதுகூட அதைப் பார்க்காமல்தான் தேய்ப்பேன். அந்தத் தோல்தான், இதே தோல்தான், நேற்று முழுக்க எனக்காக அடிதடி போட்டிருக்கிறது என்று இன்று காலையில் தெரிந்தால் எப்படி இருக்கும்?

சொன்னது பர்வீன் டாக்டர். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கறுப்பு, இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாத முகம். காலை ஆறு மணிக்கு மருந்துப் பாட்டிலை மாற்ற வந்தவளிடம் நான் கேட்டேன், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு சிவப்பு எப்படி ஏறியது, கிருமிக்கு இத்தனை பலமா என்று. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள், கால் வலித்திருக்கும். "அம்மா, நீங்க பாக்குற சிவப்பு முழுக்கக் கிருமி இல்ல. பாதிக்கு மேல உங்க ஆளுங்க" என்றாள். "யாரு என் ஆளுங்க?" "தோலுக்குக் கீழ, ரத்தக் குழாய் ஓரமா, மாஸ்ட் செல்லுன்னு சில அணுக்கள் உக்காந்திருக்கும். எங்கயும் ஓடாது, அலையாது, உக்காந்த எடத்துலயே காவல். வயிறு நெறைய மருந்துப் பொட்டலம் மாதிரி குட்டிக் குட்டியா வச்சிருக்கும். கிருமி உள்ள வந்தா அதுதான் மொதல்ல மோப்பம் பிடிக்கும். நிமிஷத்துக்குள்ள பொட்டலத்தை எல்லாம் வெளிய கொட்டிரும். கொட்டினதும் பக்கத்து ரத்தக் குழாய் விரியும், சுவர் எளகிக் கொடுக்கும், அந்த வழியா வெள்ளை அணுக்கள் திமுதிமுன்னு வந்து கிருமியப் பிடிச்சுத் தின்னும். வீக்கம், சூடு, சிவப்பு எல்லாம் அதுலதான் வருது." நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். "அந்த அணு எல்லார்க்கும் உண்டா?" "உண்டு. உங்களுக்குக் கத்தரிக்கா சாப்பிட்டாத் தடிக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுவும் இதே அணு பண்ற வேலைதான். கத்தரிக்காயப் பாத்தும் கத்தும், கிருமியப் பாத்தும் கத்தும். அதுக்கு வித்தியாசம் பாக்க நேரமில்ல." பக்கத்துக் கட்டிலில் வடிவக்கா தூங்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்போ இவ ஒடம்புக்குள்ளயும் இவள மாதிரியே கத்துதவளுகதான் இருக்காளுகன்னு சொல்லுங்க" என்றாள். பர்வீன் டாக்டர் சிரித்துக்கொண்டே பாட்டிலைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் கத்துகிறவள்தான். மறைக்க என்ன இருக்கிறது. என் வீட்டுக்காரரின் அக்கா, விக்டோரி மைனி, என்னை அப்படித்தான் ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்வாள், "இவளுக்குக் கொசு கடிச்சாலும் கோயில் மணி அடிக்கணும்" என்று. ஒரு தடவை கேஸ் கசிகிறது என்று கத்தித் தெருவில் ஏழு வீட்டுச் சனத்தையும் வெளியே இறக்கிவிட்டேன், கைக்குழந்தைக்காரி, குளித்துக்கொண்டிருந்தவன், எல்லாரும் நடுத்தெருவில். கடைசியில் பார்த்தால் மைனி வீட்டுப் பரணில் கனிந்து கிடந்த பலாப்பழம். அன்றிலிருந்து மூன்று வருஷம் பலாப்பழ அமலி என்ற பேர். படகுப் பக்கம் புகை தெரிந்தால் கத்துவேன், போன் எடுக்காவிட்டால் கத்துவேன், கட்டிக்கொடுத்த மகள் திங்கட்கிழமை பேசுகிறவள் செவ்வாய்க்கிழமை வரை பேசாவிட்டால் மருமகனின் அம்மாவரைக்கும் போன் போய்விடும். என் வாயைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. வாழ்நாளிலேயே ஒரே ஒரு விஷயத்தில்தான் வாயைப் பொத்தினேன், அதுதான் என்னை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டது. நினைத்தால் எரிச்சலாக வருகிறது. ஆயிரம் பொய்க்குக் கத்தியவள் ஒரு நிஜத்துக்குக் கத்தவில்லை.

நான் வேலை பார்க்கிற இறால் கம்பெனியில் காலையில் உள்ளே போகும்போது கை காட்ட வேண்டும். ரப்பர் பூட்ஸ், தொப்பி, பச்சை ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்று இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிச் சூப்பர்வைசருக்குக் காட்டி, மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டுப் போக வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற இறால், கையில் புண், தடிப்பு, சிவப்பு எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறால் தண்ணீர் பட்டால் தடிக்காத கை எனக்கு ஏது? முதல் மாதத்தில் ஆறு நாள் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நிற்கும்போது எனக்குப் பழையபடி பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வரும், அந்த ஞாபகத்திலேயே இன்னும் தடிக்கும். அப்புறம்தான் மெடிக்கலில் நமைச்சலை அமுக்குகிற அவில் மாத்திரை கேட்டேன். காலை ஐந்து மணிக்கு ஒன்று போட்டால் கை பளிங்கு மாதிரி இருக்கும். ஒன்று இரண்டாச்சு. நான் போட்டதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரிகளும் கேட்டார்கள், நான்தான் கொடுத்தேன். அடிபம்பு ஓரமாக நின்று அட்டையைக் கிள்ளிக் கிள்ளிக் கைமாற்றுவோம், மாத்திரை போட்ட தூக்கக் கலக்கத்தில் ஐஸ்மேல் சரிந்து விழப் போனவளைப் பார்த்துச் சிரிப்போம். போதாததற்குக் கையுறையில் பெருவிரலை மட்டும் நறுக்கிவிடுவோம். உறை போட்ட விரலால் இறால் முதுகைக் கீற முடியாது, நகம் வேண்டும். சூப்பர்வைசர் வரும்போது விரலை மடக்கிக்கொள்வோம். போன செவ்வாய்க்கிழமை அந்த வெறும் விரலில்தான் இறாலின் தலைக்கொம்பு நகத்தோரமாக உள்ளே போனது. ஐஸில் மரத்துப்போன விரல், சுருக்கென்றுகூட இல்லை. ஒரு சொட்டு ரத்தம், ஐஸில் தேய்த்தேன், அடுத்த இறாலை எடுத்தேன்.

புதன்கிழமை விரல் கனத்தது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போய்க் கையைக் காட்டினேன், கை ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை இரண்டுக்கு மூன்றாகப் போட்டேன். உள்ளே காவல் உட்கார்ந்திருந்த அவர்கள் பொட்டலத்தைக் கொட்டிக் கொட்டிக் கத்தியிருப்பார்கள், ஏ அமலோற்பவம், ஆள் வந்துவிட்டது, ஆள் வந்துவிட்டது என்று. நான் அவர்கள் வாயில் துணியை வைத்து அமுக்கியிருக்கிறேன். பர்வீன் டாக்டரிடம் இதையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "மாத்திரையால கிருமி வரலம்மா. காவலும் அதோட நின்னுறாது, அதுங்ககிட்ட வேற மருந்தும் நெறைய உண்டு. ஆனா நமைச்சலும் தடிப்பும் தெரிஞ்சிருந்தா நீங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்திருப்பீங்க" என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உதறல் எடுத்துக் கம்பளிக்குள் சுருண்டேன். மைனி வந்து எட்டிப் பார்த்து, "காணாக்கடிதான், ரெண்டு அவிலப் போடு" என்றாள். நானும் போட்டேன். அதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது, மைனி சொன்னதற்காக இல்லை, நானே நம்பினேன். சனிக்கிழமை காலையில் கை மணிக்கட்டு வரை சிவந்து மினுமினுத்தது. அப்போதுதான் கத்தினேன். கத்தியதும் என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடி வந்தார், பார்த்தார், "பலாப்பழம் இல்ல போலிருக்கே" என்றார், ஆட்டோ பிடித்தார். கேலி பண்ணிக்கொண்டேதான் வந்தார், ஆனால் ஆட்டோவில் என் கையைத் தன் மடியில் ஏந்தி வைத்துக்கொண்டே வந்தார், பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கித் தூக்கிப் பிடித்தார். மச்சம்தான் பார்க்கவில்லை.

ஒன்பது முப்பத்தைந்து. அக்குளில் ஏதோ உருளுகிறது. நெறி கட்டியிருக்கிறது, நெல்லிக்காய் அளவுக்கு. இது நேற்றும் இருந்ததா? இருந்தது. இருந்ததா? விஷம் மேலே ஏறிவிட்டதா, கோடு போட்ட இடத்தை விட்டுவிட்டு உள்வழியாகப் போகிறதா, மேல்தோலில் பின்வாங்குகிற மாதிரி நடித்துவிட்டு அடியில் போய்க்கொண்டிருந்தால் இந்தப் பேனாக் கோடு என்ன செய்யும், தண்ணீருக்கு மேல் போட்ட கோடுதானே? ஒரு சிவப்பு நூல், மெல்லிய நூல், முழங்கையிலிருந்து மேலே போனால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தானையை விலக்கிப் பார்த்தேன். நூல் இல்லை. அக்குள் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. மச்சம் இருக்கிறது. மச்சத்துக்கும் சிவப்புக்கும் நடுவே இப்போது ஒரு அரிசி அகலத்துக்கு என் தோல் இருக்கிறது. நெறியும் அவர்கள் ஆள்தானாம், காலையிலேயே பர்வீன் டாக்டர் சொல்லியிருந்தாள், அங்கேயும் ஒரு முகாம் இருக்கிறதாம், ஆள் கூடினால் வீங்குமாம். எனக்கு அந்த இடத்தில் வலிக்க வலிக்கத் தைரியம் வந்தது. அழுத்திப் பார்த்தேன், நல்லாவே வலித்தது. இருக்கிறார்கள்.

அவள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு, அதை நினைத்து நினைத்துத்தான் இந்தக் காலையை ஓட்டுகிறேன். ரத்தத்திலிருந்து ஓடி வருகிற வெள்ளை அணுக்கள் கிருமியைத் தின்றுவிட்டுச் செத்துப்போகுமாம், அதுதான் சீழ். பாவம், அவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் இந்தக் காவல்காரிகள், ஆமாம் எனக்கு அவர்கள் பெண்கள்தான், பொட்டலத்தை எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகும் சாவதில்லையாம். காலி வயிற்றோடு அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி ஒன்றொன்றாகச் செய்து நிரப்பிக்கொள்வார்களாம், அடுத்த தடவைக்கு. மாதக்கணக்கில் இருப்பார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கத்திக் கத்தி ஓய்ந்தால் ஒருத்திக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நான் பலநாள் பயந்திருக்கிறேன். ஊரே சிரித்த பிறகு தெருவிலிருந்து தனியாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற அந்த நேரம் இருக்கிறதே, அப்போதெல்லாம் இனிமேல் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று நினைப்பேன். மறுநாள் திறப்பேன். அது என் கோளாறு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மாத்திரை அட்டையை அடிபம்பு ஓரத்துக்குக் கொண்டுபோனவள் நான், அதை அங்கேயிருந்து எடுக்க வேண்டியவளும் நான்தான். கம்பெனி வாசலில் நின்று, கையுறையை நறுக்காதீங்கட்டி, குத்தினால் குத்தினது என்று சொல்லுங்கட்டி என்று கத்தத்தான் போகிறேன், சூப்பர்வைசர் காது கிழிய. சிரிக்கட்டும்.

பத்து. பத்து ஐந்து. பெரிய டாக்டர் வரவில்லை. வார்டுக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன். பத்து பதினைந்துக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர் உள்ளே வந்தார், நேராக என் கட்டிலைப் பார்த்து வந்தார். எனக்குக் காதுக்குள் விசில் அடித்தது. பார்க்காமலே முடிவு செய்துவிட்டார்களா, நேற்றே எழுதி வைத்துவிட்டார்களா, மச்சத்தைப் பற்றி யாரிடம் சொல்வது? "நான் வரமாட்டேன், கையப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து நின்றார். "யம்மா, நான் ஒன்னக் கூப்பிடல, இந்தப் பெரியம்மாவ எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போவ வந்தேன்" என்றார். வடிவக்காவைத் தூக்கிப் படுக்க வைத்தபோது அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "ஸ்ட்ரெச்சர வேணா நீ எடுத்துக்கோட்டி, நான் நடந்தே போறேன்" என்றாள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை. ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.

பத்து இருபதுக்குப் பெரிய டாக்டர் வந்தார், பின்னால் பர்வீன் டாக்டர், சிஸ்டர். முந்தானையை நானே எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார், தன் புறங்கையை என் கைமேல் வைத்து முழங்கையிலிருந்து கீழே கொண்டுவந்தார், பெருவிரலின் அடியில் அழுத்தினார், உயிர் போனது, பல்லைக் கடித்தேன். "மடக்குங்க" என்றார். மடக்கினேன். விரல் பாதி தூரம் வந்தது, நேற்று அசையவே இல்லை. இங்கிலீஷில் பர்வீன் டாக்டரிடம் ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள், அந்தத் தலையாட்டல் எந்தப் பக்கத்துத் தலையாட்டல் என்று தெரியாமல் நான் அவள் கண்ணையே பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார். நேற்றைய கோட்டுக்கு உள்ளே, இரண்டு விரல் கீழே, இன்னொரு கோடு போட்டார். "தியேட்டர் வேண்டாம்மா. ஊசி இன்னும் அஞ்சு நாள் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதானா? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரி, ஒரு காலை, ஒரு விரல், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "டாக்டர்" என்று கூப்பிட்டேன், சத்தமாகத்தான். வார்டே திரும்பியது. "நல்லாப் பாத்தீங்களா? நேத்து லைட்டு வெளிச்சத்துல பாத்தீங்க, இன்னைக்கு வெயிலு. நெறம் கொறஞ்ச மாதிரி தெரியும்." சிஸ்டர் என்னை முறைத்தாள். அவர் திரும்பி வந்தார். கோபமாக வரவில்லை. "நெறத்த மட்டும் பாக்கலம்மா. சூடு எறங்கியிருக்கு, வீக்கம் எறங்கியிருக்கு, வெரல் மடங்குது. மூணும் சேந்து பொய் சொல்லாது. சந்தேகம் கேட்டீங்கல்ல, கேட்டது சரிதான். இப்பிடியே கேளுங்க" என்றார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றார். "மருந்து பாதி, டாக்டர்" என்றேன். "மீதி?" "மீதி என் தோலு." அவர் பர்வீன் டாக்டரைப் பார்த்தார், பர்வீன் டாக்டர் கேஸ் சீட்டைப் பார்த்தாள்.

என் தோலு. சொல்லும்போதே எனக்குக் கண் நிறைந்தது. என் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்ததே கிடையாது, சனியன் பிடித்த தோல், எழவு தோல் என்றுதான் வரும். குனிந்து பார்த்தேன். இரண்டு நீலக் கோட்டுக்கு நடுவில் கிடந்தது, சிவப்பு வடிந்து, சுருங்கி, மெல்லிசாகப் பொரி பொரியாக உரிய ஆரம்பித்து, சண்டை முடிந்த தெரு மாதிரி. இடது கையின் குழாய் இழுக்க, வலப் பக்கமாகச் சாய்ந்து, உதட்டால் அந்த இடத்தைத் தொட்டேன். சூடு இல்லை. என் வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், இவ சாப்பிடலாமா?" என்று கேட்டார். "தாராளமா." கேட்டதும் ஆளைக் காணோம். செருப்பைக்கூட மாட்டவில்லை, கட்டிலடியில் கிடந்தது. பத்து நிமிஷத்தில் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார், வெறுங்காலோடு ரோட்டில் ஓடியிருக்கிறார். இட்லி ஆவி பறந்தது. ஒரு கையில் குழாய், ஒரு கையில் வீக்கம், நான் எப்படித் தின்பது என்று பார்த்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, வார்டில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து, "வாயத் தொற, கத்துததுக்குத் தொறக்கல்லா, இதுக்கும் தொற" என்றார். கல்யாணத்தன்று ஒரு வாய் ஊட்டியதோடு சரி. திறந்தேன். உப்பு, உறைப்பு, சூடு, எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்குள் இறங்கியது. எக்ஸ்ரே எடுத்துத் திரும்பி வந்த வடிவக்கா, "ஓ, கல்யாணம் நடக்கா இங்க?" என்றாள். நான் வாய் நிறைய இட்லியோடு அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். இரண்டு போச்சு. நாலு போச்சு. ஆறாவதைப் பிட்டபோது அவர் நிறுத்தினார்.

"ஏட்டி அமலி, வயிறா என்னது இது? எத்தனதான் திம்ப?"

"எனக்கில்ல" என்றேன். "உள்ள ரெண்டு நாளாச் சண்ட போட்டிருக்காளுக. வயிறு காலியா உக்காந்திருப்பாளுக. வைங்க."

அவர் பிட்டார். சட்னி இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தோய்த்தார்.